டெபோராவுக்கு எந்தப் பக்கம் முகம்?

எங்கள் கப்பலின் பின்பக்கப் பீரங்கியின் குழாய் மேல் என் சட்டையைக் காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மூடுபனியிலிருந்து ஒரு கப்பல் எங்கள் முதுகுக்குப் பின்னால் மூக்கை நீட்டியது.

சாம்பல் நிறம். விளக்கில்லை, கொடியில்லை. சந்தேகமே வேண்டாம், திருட்டுச் சரக்குக் கப்பல்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கேப்டன் ஹாஸ்கல் மறுகோடியில் நின்றுகொண்டு, எதிர்த்திசையில் தெரிந்த ஏதோ ஒரு புகையைத் துரத்திக்கொண்டிருந்தார். முழு வேகம். போருக்கு வந்த நாளிலிருந்து நங்கூரம் போட்டே கிடந்த எங்கள் டெபோரா, இப்படி நேராக விழுந்தடித்து ஓடியது அன்றுதான் முதல் தடவை.

"கேப்டன்! பின்னால! பின்னால பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எங்கே கேட்கும்? டெபோராவின் இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது.

டெபோரா பிறவிப் போர்க்கப்பல் இல்லை. நியூயார்க்குக்கும் புரூக்ளினுக்கும் நடுவே ஆட்களையும் குதிரைவண்டிகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நீராவிப் படகு. அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்ததும் வடக்கு அரசாங்கம் அவளை விலைக்கு வாங்கியது. கேப்டனும் இயந்திரக்காரர் கெரிகனும் கூடவே வந்தார்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருப்பாள். இரண்டு பக்கமும் சுக்கான் சக்கரம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். அக்கரை சேர்ந்தால் கப்பலைத் திருப்ப வேண்டாம், இயந்திரத்தை எதிர்ப்பக்கம் ஓட்டினால் போதும். கோடிக்கொரு பீரங்கியை முடுக்கி, வேறொரு கப்பலில் கட்டித் தெற்கே இழுத்து வந்துவிட்டார்கள்.

வில்மிங்டனுக்குப் போகும் ஆற்று வாயை அடைத்து நிற்பது எங்கள் வேலை. தெற்கத்திக்காரர்களுக்குத் துப்பாக்கியும் துணியும் போய்ச் சேரக்கூடாது. மற்ற கப்பல்கள் இரண்டு மூன்று பிடித்துவிட்டன. நாங்கள் பிடித்தது மீன் மட்டும்.

"எப்பா, புரூக்ளின் போகுமா? நானும் என் கழுதையும், ரெண்டு டிக்கெட்!" என்று கடந்துபோகிற மற்றக் கப்பல்காரன் எல்லாம் கேட்பான்.

போன வாரம் படைத்தலைவர் வந்தார். கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஒரு கப்பலையாவது பிடிக்காவிட்டால் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு டெபோராவை நிலக்கரி சுமக்க விடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கேப்டன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவர். எனக்கும் ஆத்திரம். அவளை நாங்கள் கிண்டல் செய்யலாம், கண்டவனும் செய்யலாமா?

அந்த வாரத்தின் கடைசி நாள் அன்றுதான்.

சாம்பல் கப்பல்காரன் கெட்டிக்காரன். நாங்கள் தாண்டிப் போகிறவரை பனிக்குள் பதுங்கியிருந்துவிட்டு, எங்கள் முதுகைப் பார்த்ததும் ஆற்று வாயை நோக்கி நழுவினான். நாங்கள் வட்டமடித்துத் திரும்புவதற்குள் ஊருக்குள் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. ஏற்கெனவே குண்டு எட்டாத தூரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திடீரென்று டெபோரா குலுங்கினாள். நின்றாள்.

அப்புறம், திரும்பாமல் கொள்ளாமல், அப்படியே பின்பக்கமாகப் பாய ஆரம்பித்தாள்.

சாம்பல் கப்பலின் மேல்தளத்தில் ஒருவன் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தான். முதுகு என்று நினைத்தது முகமாகி வந்தால் யாருக்குத்தான் கை கால் ஓடும்? சட்டென்று ஒதுங்கப் பார்த்து மணல்திட்டில் ஏறிவிட்டார்கள்.

நம் கேப்டன் தொப்பி பறக்க மறுகோடியிலிருந்து ஓடி வந்து என் பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்தார். என் கத்தல் கேட்டுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. சட்டையை எடுக்கக்கூட மறந்து ஒரு குண்டு போட்டேன். அது எங்கோ தலைக்கு மேலே போனது. ஆனாலும் அங்கே வெள்ளைத் துணி ஏறிவிட்டது.

உள்ளே துப்பாக்கிகள், தேயிலை, பூட்ஸ், சீமாட்டிகளின் பாவாடையை விரித்துப் பிடிக்கும் கம்பி வளையங்கள் ஒரு பெட்டி. ஒரு வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு எங்கள் சமையல்காரன் ஆடினான். டிக்கெட் கேட்டவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

படைத்தலைவரே வந்து கேப்டனின் கையைக் குலுக்கினார். "முதுகைக் காட்டி ஆளை வெளியே இழுத்திருக்கீங்களே! இந்த மூளையை இத்தனை நாள் எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். பீரங்கிகள் இனி டெபோராவிடமே இருக்கும் என்றார். இந்தத் தடவை காப்பியையும் குடித்தார்.

கேப்டனுக்குக் காது வரை சிவந்துபோனது. என்ன ஒரு அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

படைத்தலைவரின் படகு நகர்ந்ததும் கேப்டன் நேராக என் பீரங்கிக்குப் பக்கத்திலிருந்த இயந்திர அறையின் திறப்புக்கு வந்து குனிந்தார். ரகசியமாகத்தான் கேட்க நினைத்தார், பாவம். கெரிகனின் காதை அந்த இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டது. அதனால் கப்பல் முழுக்கக் கேட்டது.

"யோவ் கெரிகன்! முழு வேகத்துல முன்னால போன்னுதானே மணி அடிச்சேன்? உன்னை யாருய்யா பின்னால ஓட்டச் சொன்னது?"

கெரிகன் கையில் எண்ணெய்த் துணியோடு ஏணியில் பாதி ஏறி வந்து, தலையை வெளியே நீட்டி, நாலு பக்கமும் கடலாக இருப்பதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"என்ன கேப்டன் இது... இந்நேரம் புரூக்ளின் வந்திருக்கணுமே!"