முதலையின் கை

"இன்னொரு தடவை ராட்டினக் குதிரையில ஏறுறியா கண்ணு?" என்று மகளிடம் கேட்டான் ஆர்னெல். காலையிலிருந்து அவன் இதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜென்ஜென் சரியென்று தலையாட்டினாள்.

இன்றோடு ஒன்பது வயது முடிகிறது அவளுக்கு. குதிரைமேல் உட்கார்ந்தால் கால் கீழே பலகையில் தேய்ந்தது. மற்றக் குதிரைகளில் இருந்ததெல்லாம் நேற்றுத்தான் பால் புட்டியை விட்ட உருப்படிகள். கம்பிக்கு வெளியே நின்ற ஒருத்தி ஆர்னெலை ஏற இறங்கப் பார்த்தாள்.

பார்த்தால் பார்க்கட்டும். சுற்றும் தேநீர்க் கோப்பை, குட்டி ரயில், தும்பி விமானம் என்று சின்னப் பிள்ளைகளுக்கானதாகவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். முதலைப் பக்கம் மட்டும் போய்விடக் கூடாது.

முதலை என்றால் பலகையில் வரைந்த முதலைதான். தண்ணீரில் சறுக்கி விழும் படகின் வாசலில் ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குத் தலை எட்டினால் படகில் ஏறலாம். எட்டாதவர்கள் வீட்டுக்குப் போய் இன்னும் நாலு தட்டு சோறு தின்றுவிட்டு வரவேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஜென்ஜென் அந்த வாசலில் புரண்டு புரண்டு அழுதாள். அவளைத் தேற்ற அவள் அம்மா ரொவேனா மண்டியிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். "உன் தலை இந்த முதலை கையில இடிக்கிற அன்னிக்கு அம்மா வந்துடுவேன். மூணு பேரும் ஒண்ணா ஏறுவோம்."

அடுத்த வாரம் தொழிற்சாலை வேலைக்காகத் தைவானுக்கு விமானம் ஏறினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பாவும் மகளும் தங்கள் ஊரான கலம்பாவிலிருந்து இந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் பஸ் பிடித்து வந்து முதலையிடம் உயரம் பார்ப்பார்கள். எட்டாது. சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவார்கள்.

இந்த ஜனவரியில் ரொவேனாவின் ஒன்றுவிட்ட தங்கை தைவானிலிருந்து விடுமுறையில் வந்தாள். ஜென்ஜென் வெளியே கயிறு தாண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அடுப்படியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ரொவேனா அங்கே வேறொருவனோடு குடித்தனம் நடத்துகிறாள். கையில் ஆண் குழந்தை. இனி வரமாட்டாள்.

மகளிடம் அதைச் சொல்ல ஆர்னெலுக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு வேலையை நீட்டித்துவிட்டார்கள் என்று கதை விட்டான். போன் வருவது நின்றதற்கு வேறொரு கதை.

அவன் கதை விட்ட நேரத்தில் அவள் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இந்த வருஷம் எட்டிவிடுவாள். எட்டியதும் அம்மா எங்கே என்று கேட்பாள்.

அதிசயமாக, காலையிலிருந்து அவள் முதலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறந்திருப்பாள் என்று அவன் தன்னையே ஏமாற்றிக்கொண்டான்.

மீன் உருண்டை வாங்கிக்கொண்டு திரும்பிய இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

"ஏய், பொறந்தநாள் பொண்ணே! என்னைப் பாக்காமலே ஓடப் பாக்குறியா?"

படகு வாசலில் தொப்பியும் விசிலுமாக டெல்மா நின்றிருந்தாள். வருஷா வருஷம் ஜென்ஜென்னை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புகிறவள் அவள்தான்.

"என்னண்ணே, பொண்ணுக்கு என்னத்தப் போட்டு வளக்குறீங்க? தென்னமரம் மாதிரி நிக்கிறா! அம்மா வந்தாச்சா?"

ஆர்னெல் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு டெல்மா..."

"அட சும்மா இருங்கண்ணே." அதற்குள் அவள் ஜென்ஜென்னின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒரு பொடியன் முதலைக்குக் கீழே நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்து, அவன் அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு நகர்ந்தான்.

ஜென்ஜென் போய் நின்றாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

அவன் அவசரமாக ஒரு பொய்யைத் தேடினான். அம்மாவுக்குக் காய்ச்சல். முதலாளி விடவில்லை. புயலில் விமானம் நின்றுவிட்டது. எதுவும் ஒட்டவில்லை. இத்தனை பேர் நடுவில், பிறந்தநாளும் அதுவுமாக, பிள்ளையின் நெஞ்சை உடைக்கத்தான் வேண்டும் போலிருந்தது.

"அய்யோ, இன்னும் ரெண்டு விரல் வேணுமே!" டெல்மா தலைக்கும் முதலையின் கைக்கும் நடுவில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள். "போ போ, இந்த வருஷமும் குதிரைதான் உனக்கு."

ஆர்னெலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்புறம்தான் பார்த்தான். பக்கவாட்டில் நின்ற அவனுக்கு மட்டும் தெரிந்தது. பிறந்தநாளுக்கு எடுத்த நீளக் கவுனை முட்டிக்கொண்டு அவளுடைய இரண்டு முழங்கால்களும் முன்னால் வந்திருந்தன. முதுகை நேராக வைத்துக்கொண்டு, பாதி உட்கார்ந்த மாதிரி, கால் நடுங்க நின்றுகொண்டிருந்தாள்.

டெல்மா விட்டதும் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டலப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இருவரும் நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் கண்ணு அப்படி நின்னே?"

அவள் ஒரு மீன் உருண்டையைக் குச்சியில் குத்தினாள். தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தக் குட்டித் தம்பி இப்ப எவ்ளோ ஒசரம் இருப்பான்ப்பா?"

ஆர்னெல் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தரைக்கு மேலே நீட்டினான். எங்கே நிறுத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை.