வால் மாறிய பலூன்

இரண்டு பலூன்களுக்கும் வாலை மாற்றிப் போட்டுவிட்டேன்.

மையும் காய்ந்துவிட்டது.

சித்திரக்கதையில் யார் பேசுகிறார்கள் என்பதைப் பலூனின் வால்தான் சொல்லும். வால் யார் வாயைப் பார்த்து நீள்கிறதோ, அவர் பேசியதாக அர்த்தம். கதை எழுத்தாளருடையது. படம் ஓவியருடையது. பலூன் வரைந்து, உள்ளே வசனம் எழுதி, வாலை இழுத்துவிடுவது என் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு வாலைக்கூட நான் தப்பாக இழுத்ததில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

படத்தில் ஒரு மொட்டைமாடி. சுற்றிலும் வில்லனின் ஆட்கள். நாயகன் சூறாவளியான் தன் காதலியிடம் சொல்ல வேண்டியது, "நீ போய் ஒளிஞ்சுக்கோ. இதை நான் பார்த்துக்கறேன்."

அவள் நடுங்கிக்கொண்டே கேட்க வேண்டியது, "உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

இப்போது போய் ஒளிந்துகொள்ளச் சொல்வது அவள். ஆறடி உயரத்தில், தோளில் ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு பறக்கிற ஆள், உனக்கு ஏதாவது ஆயிட்டா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளை மையை எடுத்தேன். இதழின் இந்தக் கடைசிப் பக்கத்துக்காக அச்சகத்து ஆள் கீழே வண்டியோடு காத்திருந்தார்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அவள் மாடியிலிருந்து விழுந்து சாக வேண்டும். அவள் செத்தால்தான் அவனுக்குக் கோபம் வருமாம். அவனுக்குக் கோபம் வந்தால்தான் அடுத்த வருஷம் முழுக்கக் கதை ஓடுமாம். வாசனைக்குப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுக்கிவிடுகிற கறிவேப்பிலைதான் அவள்.

முதல் இதழில் அவள் இப்படி இல்லை.

முதல் இதழில் அவள் பல் டாக்டர். மிரட்ட வந்த ரவுடியை நாற்காலியில் உட்காரவைத்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அதை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். அந்தப் பக்கத்துக்கு வசனம் எழுதும்போது எனக்கு அவளை அவ்வளவு பிடித்தது.

சில இதழ்கள் கழித்து நர்ஸ் ஆனாள். எழுத்தாளர் மறந்துவிட்டார். அப்புறம் அதே ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இப்போது அவளுக்கு வேலையே இல்லை. ஜன்னலோரம் நிற்கிறாள்.

"பார்த்துப் போ." "எப்ப வருவே?" "வந்துட்டியா!"

இந்த மூன்று பலூன்களையும் நான் தூக்கத்தில்கூட எழுதிவிடுவேன்.

இந்தப் பெண் ஏன் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறாள் என்று போன மாதம் ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். ஓவியர் அதை உரக்கப் படித்தார். எழுத்தாளர் அசரவில்லை.

"வீட்டுல இருக்கற பொம்பளை இப்படித்தான்யா பேசுவா. எனக்குத் தெரியாதா?"

ஓவியர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

வெள்ளை மையைத் தொட்டு, பிரஷ்ஷை வாலருகே கொண்டுபோனபோதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

அவள் நடுங்கவில்லை. முகவாயைத் தூக்கிக்கொண்டு, அந்தத் தடியன்களை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தாள். நடுங்கும்படி வரையச் சொல்லியிருந்தார்கள். ஓவியர் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. அந்த முகத்துக்கு இந்த வசனம்தான் பொருந்தியது. பல் பிடுங்கினவள் திரும்பி வந்திருந்தாள்.

பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். இவள் சாகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எழுத்தாளர் உள்ளே வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருந்தது. காலையிலேயே பார்த்தேன், சொல்லவில்லை.

பக்கத்தைக் கையில் எடுத்தார். படித்தார். புருவம் ஏறியது.

"அடடா, வால் மாறிப்போச்சு. வெள்ளை அடிச்சு மாத்திடணும், நேரமில்லை."

நான் அசையவில்லை. எனக்காக வாயைத் திறந்தவர் பக்கத்து மேசையிலிருந்த ஓவியர்தான்.

"அவ மூஞ்சியைப் பாருங்க சார். இப்படிப் பேசினவ அடுத்த பக்கத்துல பொத்துனு விழுந்து சாவாளா?"

எழுத்தாளர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தார். எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற முகம் அது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

கீழே அச்சகத்து வண்டி ஹாரன் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஓவியரின் மேசையில் அடுத்த பக்கம் கிடந்தது. இன்னும் பென்சில் கோடுதான். அவள் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தாள். எழுத்தாளர் அதை இழுத்து, ரப்பரை எடுத்து, அவளை மெதுவாக அழித்தார். கட்டடமும் வானமும் மிச்சம் இருந்தன. நடுவில் வெள்ளையாக ஓர் இடம்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. இவ இப்ப என்னதான் செய்வா?"

ஓவியரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவி எங்கே, சட்டை எங்கே என்பதையெல்லாம் கழித்துவிட்டால், கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.