கடைசி ஒரு கிலோ

எடை மெஷினில் ஏறி நின்ற பிளம்பரைப் பார்த்து டயட்டீஷியன் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னண்ணா, சைவத்துக்கு மாறினதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அழகா குறைஞ்சீங்க. பேன்ட் கூடத் தொளதொளன்னு ஆயிடுச்சு. இந்தக் கடைசி ஒரு கிலோ மட்டும் அசைய மாட்டேங்குதே! நேத்துக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஓட்ஸ்தாம்மா."

"மதியம்?"

"பருப்பு, கீரை, ஒரு கரண்டி சோறு."

"ராத்திரி பட்டினி கிடக்கலையே? ஐம்பது வயசுல அதெல்லாம் கூடாது."

"இல்லம்மா, சூப் வச்சுக் குடிச்சேன்."

"சரி, மனசை விட்டுடாதீங்க. இந்த ஒரு கிலோவும் போயிட்டா அப்புறம் நீங்க இங்க வரவே வேணாம்."

தெருவுக்கு வந்த பிளம்பர், பேன்ட் பைகளில் கனத்த பித்தளை வால்வுகளை எடுத்துக் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மனைவி போனபின், என்ன சாப்பிட்டீர்கள் என்று அவரைக் கேட்க இந்தப் பெண் ஒருத்திதான் இருந்தாள்.