காற்று இறங்கிய ஜீப்

“அம்மா, டயர் நாலும் சப்பையா உட்கார்ந்திருக்கு,” என்றாள் மகள், வாசலில் நின்றபடி.

தையல் மெஷின் முன்னால் இருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. “பழைய ஜீப்புதானே. வாங்கும்போதே சொன்னேன்.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

“நேத்து நல்லா இருந்தது இன்னைக்கும் நல்லா இருக்கணும்னு சட்டமா?”

அம்மா தைத்த இடத்தின் மேலேயே மறுபடி தைத்துக்கொண்டு போனாள். ஏனென்றால், அந்த டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டது அவள்தான்.

வேறு என்ன செய்வாள், பாவம்? ஊர் முடிகிற இடத்தில் வீடு. தெருக்கோடியில் தார் ரோடு நின்றுபோனால் அதற்கப்புறம் மணல்தான், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மேடும் பள்ளமுமாக. அதில் ஜீப் ஓட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. மகள் அதில் சேர்ந்து, இன்று முதல் பயணம். போன மாதம்தான் அந்த மணலில் ஒரு ஜீப் குட்டிக்கரணம் போட்டது. ஓட்டினவன் இன்னும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்னொருத்தி யாருக்காக மெஷினை மிதிப்பது?

அம்மா எல்லா வித்தையும் காட்டிப் பார்த்துவிட்டாள். அழுதாள். சாப்பிட மாட்டேன் என்றாள். பேசாமல் இருந்தாள், மகள் அதைவிடப் பேசாமல் இருந்தாள். நேற்று முழுவதும் இழுவைக் கயிறு, மண்வெட்டி, தண்ணீர் கேன் என்று ஜீப்பில் ஏற்றுவதும், இறக்கிப் பார்ப்பதும், மறுபடி ஏற்றுவதுமாக இருந்தாளே தவிர, அம்மா பக்கம் திரும்பவில்லை. ராத்திரி சாப்பாட்டையும் தொடவில்லை. அப்படி என்ன கோபமோ இந்தப் பெண்ணுக்கு.

அதனால்தான் காலையில் மகள் தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, மெஷினுக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு அம்மா வெளியே வந்தாள். தினமும் சைக்கிள் மிதிக்கிறவளுக்கு டயரில் காற்று எங்கே பிடிக்கிறார்கள் என்று தெரியாதா? மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த ஊசியை அழுத்தினாள். முதல் டயர் வயிறு பிதுங்கி உட்கார்ந்ததும் போதும் என்று அடுத்ததுக்குப் போனாள். அதிலும் பாருங்கள், தையல்காரி புத்தி போகுமா? பாவாடை விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினாலே அவளுக்குப் பொறுக்காது. தள்ளி நின்று பார்த்து, நாலு டயரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் உள்ளே போனாள்.

“பஞ்சர் கடை திறக்கிறதுக்குள்ள அவங்க பாதி தூரம் போயிடுவாங்க,” என்றாள் இப்போது. “மேஜருக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிடு பாப்பா.”

“சொல்லிடறேன்,” என்று மகள் உடனே போனை எடுத்தாள்.

அம்மா எதிர்பார்த்திருந்தது பெரிய ரகளையை. இவ்வளவு லேசில் முடிந்துவிட்டதா? அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் வாசலில் ஹார்ன் அடித்தது.

மேஜர் என்பது கூட்டத்தின் தலைவி. பட்டாளத்துக்கெல்லாம் போனவள் இல்லை, அந்தக் குரலுக்காக வைத்த பேர். கிளம்புவதற்கு முன்னால் புதியவர்களின் வண்டியைத் தானே வந்து பார்ப்பது அவள் வழக்கம். இறங்கியவள் நேராகப் போய் ஜீப்பைச் சுற்றி வந்தாள். குனிந்து ஒவ்வொரு டயரிலும் காற்றை அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

“யார் கை வெச்சது இதுல?”

“தெரியலை மேஜர்,” என்றாள் மகள். “காலையில பார்த்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு.”

“தானா இறங்கினா ஒண்ணு இறங்கும். நாலும் ஒரே அளவா இறங்குமா? யாரோ வேணும்னுதான் பண்ணியிருக்காங்க. பக்கத்து வீட்டுல விசாரிச்சியா?”

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒரு பாவமும் அறியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல் பழி போகப் போகிறது.

“நான்தான்.” அம்மா ஓரடி முன்னால் வந்தாள். “நான்தான் இறக்கினேன்.”

மேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அம்மா திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மணல்ல போறதுக்கு டயர்ல காத்தைக் குறைக்கணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?”

“என்னது?”

“முழுக் காத்தோட போனா டயர் மணல்ல புதைஞ்சுடும். இப்படிச் சப்பையா இருந்தாத்தான் அகலமாப் படிஞ்சு மேல ஏறும். புதுசா வர்றவங்க எல்லாருக்கும் தெருக்கோடியில நிறுத்தி நானேதான் இறக்கிவிடுவேன். நீங்க மீட்டர்கூட இல்லாம நாலையும் ஒரே அளவா இறக்கி வெச்சிருக்கீங்க.” மேஜர் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். “இப்படி ஒரு அம்மா இருந்தா நான் எதுக்கு? வண்டியை எடு, கிளம்பலாம்.”

அம்மா திருதிருவென்று விழித்தாள். உண்மையைச் சொன்னால் மகள் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் இதோ, கண்ணெதிரே மணலுக்குள் போகப் போகிறாள். மன்னிக்காவிட்டால் போகிறது, உயிரோடு இருந்தால் சரி என்று துணிந்து வாயைத் திறந்தாள்.

“பாப்பா, நான் எதுக்கு இறக்கினேன்னா…”

மகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சும்மா. போக வேணாம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. டயரைப் பார்த்ததும் தப்பிச்சோம்டான்னு இருந்துச்சு,” என்றாள் மெதுவாக. “இப்ப நீயே எல்லாம் தயார் பண்ணி அனுப்பி வைக்கிறே, இனிமே எனக்கு என்னம்மா பயம்?” என்று சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து ஜீப்பைக் கிளப்பினாள்.