அறிவுத் தாகம்

“நாளைக்கு முதல் பஸ்ஸுல திருமயம் போறேன். தாசில்தார்கிட்ட இந்த மனுவைக் குடுத்தா, சினிமாக் கொட்டகைக்கு இனிமே லைசென்ஸ் கிடைக்காது” என்றார் உடையப்பன். பொன்னமராவதிக்கு அவர்தான் பேப்பர் ஏஜெண்டு.

அவர் மனைவி சொர்ணவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள். “பொங்கலுக்குத் தொறந்த கொட்டகை ஒங்களை என்னங்க பண்ணுச்சு?”

“இனிமேத்தான் பண்ணும். பேப்பர் விக்காமப் பரண் பூராக் கட்டுக் கட்டாக் கிடந்துச்சே, மறந்துட்டியா? ஏஜென்சியே கைவிட்டுப் போகப் பாத்துச்சு. இந்தத் தையில இருந்துதான் யாவாரம் தலைதூக்கியிருக்கு. சாயங்காலம் பஸ் வந்ததும் அடிச்சுப் பிடிச்சு வாங்குறாங்க. கைநாட்டு வைக்கிற கருப்பன்கூட வாங்குறான். புதுசு தீந்துபோச்சுன்னா, பழசு இருந்தாலும் குடுங்கண்ணேங்கிறான். அம்புட்டு அறிவுத் தாகம்.”

“சரி, அதுக்கு?”

“இவங்கள்லாம் சினிமாப் பைத்தியமாயிட்டா பேப்பரை யாரு தொடுவா? நம்ம பொழப்பு என்னாகும்?”

“நீ உள்ள போய்ப் பாத்தியான்னு தாசில்தார் கேட்டா?”

உடையப்பன் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“இன்னைக்கு ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போங்க. தொணைக்கு நானும் வாரேன்.”

அவள் தலை நிறையப் பூ வைத்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

கொட்டகையில் இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். சொர்ணவல்லி அங்கே போனாள். சட்டைப் பையில் மனுவோடு உடையப்பன் ஆண்கள் பக்கம் நுழைந்தார். இருந்த அத்தனை பேரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். வாங்கிய பேப்பரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்களே என்று அவர் பையிலிருந்த மனுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு அந்த மனுவைக் கொடுத்தே தீருவது.

மணி அடித்தது. கொட்டகை முழுக்கக் காகிதம் சரசரத்தது.

“என்னண்ணே, ஏஜெண்டே வெறுங்கையோட வந்திருக்கீங்க?” கருப்பன் அன்றைய பேப்பரை உதறி, மணலில் அகல விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “இங்கிட்டுப் பூரா வெத்தலை எச்சியாக் கெடக்கு. வெள்ளை வேட்டி என்னத்துக்கு ஆகும்?”

உடையப்பன் சுவருக்கு அப்பால் பார்த்தார். தலையங்கத்தின்மேல் சொர்ணவல்லி சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு அணைவதற்குள் அவர் பையிலிருந்த மனுவை எடுத்தார்; மடிப்பு நீக்கினார்; மணலில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.