இறால் சாண்ட்விச்சில் உப்பு

கிரியோல் என்ற அமெரிக்கக் கார மசாலாவில் புரட்டிய இறாலை மொறுமொறுவென்று பொரித்து, பிளந்த நீள பன்னில் மயோனைஸ் தடவி அடுக்கினாள் மனைவி. தட்டைக் கணவர் முன் வைத்தாள்.

“நீ எதைச் செஞ்சாலும் ஒண்ணுதான்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார் அவர்.

“ஒரே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க.”

கடித்தார். மென்றார். முகம் சுருங்கியது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன இழவு இது? ஒரே உப்பு! மசாலாவிலேயே உப்பு இருக்குமே, மேல வேற அள்ளிக் கொட்டினியா? மனுஷன் வாயில வைப்பானா?”

தட்டைத் தள்ளிவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குள் ஓடியவள், மகளுக்குப் போன் போட்டாள்.

“என்னம்மா, அழறியா? அப்பா திட்டினாரா?”

“ஆமாண்டி, திட்டிட்டாரு! உப்புக் கரிக்குதுன்னு திட்டிட்டாரு! தொண்டையில கேன்சருக்கு ரேடியேஷன் கரண்ட் வச்சதிலேருந்து, எதைக் கொடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்குன்னுதானே சொல்லிட்டிருந்தாரு? நாக்குல ருசி திரும்பிடுச்சுடி!”

பின்னால் அரவம் கேட்டுத் திரும்பினாள். சமையலறை வாசற்படியில் அவர் நின்றிருந்தார். கையிலிருந்த தட்டு காலியாக இருந்தது.

“இன்னொன்னு செய்யேன்” என்றார். “உப்பை மட்டும் குறைச்சிடாதே.”