இரண்டில் ஒன்று

துப்பாக்கி சுடும் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடமே இருந்தது. மூன்று ஆண்டுகளாகத் தங்கம் வாங்கிவரும் ரோஸ்லின் தன் கைத்துப்பாக்கியின் பிடியை இறுக்கியபோது திருகாணியின் தலை முறிந்தது. மீதித் துண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது. அவள் முகம் வெளுத்துப்போனது. அவளைத் தோற்கடிக்கவே வந்திருந்த பூங்கோதை பக்கத்து மேசையிலிருந்து கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா."

"நீயா?"

"எங்க வீட்ல லேத் பட்டறைதான்."

துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். தடித்த ஊசியை முறிந்த துண்டின் ஓரத்தில் ஊன்றி இடப்பக்கமாகத் தள்ளினாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை அசைந்து கொடுத்த துண்டு, மெல்லச் சுழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"மாத்துத் திருகாணி எங்கிட்ட இல்லையேடி," என்றாள் ரோஸ்லின்.

பூங்கோதை தன் துப்பாக்கிப் பிடியிலிருந்த திருகாணிகள் இரண்டில் ஒன்றைக் கழற்றி ரோஸ்லினின் துப்பாக்கியில் பூட்டினாள்.

"அப்ப உனக்கு?"

"உங்களை ஜெயிக்க ஒண்ணு போதும்க்கா."

ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தாள். மணி அடித்தது. இருவரும் கையை உயர்த்தினார்கள். பூங்கோதையின் உள்ளங்கைக்குள் பிடி மயிரிழை அளவு நகர்ந்தது. அதற்கேற்ப மணிக்கட்டை மயிரிழை திருப்பி, அவள் மூச்சை நிறுத்தினாள்.